குமரிப் பிள்ளைகளுக்கு அரசிடம் எதைக் கேட்பது: பைசாவா, சாப்பாடா, கட்டிடமா, ஆளா?

கிராம சபையில் மைக் கைக்கு வந்தால் இரண்டு நிமிடம் பேசலாம். அதற்குள் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று அவசரங்கள் வரிசையில் நிற்கும். பிள்ளைகளைப் பற்றிப் பேச எழுந்தவர் பெரும்பாலும் ஏழெட்டுக் கோரிக்கைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். தீர்மானப் புத்தகத்தில் 'பள்ளிக்கு அடிப்படை வசதிகள்' என்று ஒரு வரி ஏறுகிறது, அதோடு சரி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கும் எனக்கு இந்த ஒரு வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. ஒரே ஒரு கோரிக்கை வைப்பதென்றால் எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போனால், அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் நழுவ முடியாது.

அந்த முடிவுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அரசின் பணம் பிள்ளைகளை வந்தடையும் வழிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்குதான் தேறும். குடும்பத்தின் கையில் பைசாவாக வரும். தட்டில் சாப்பாடாக வரும். கட்டிடமாகவோ பொருளாகவோ வரும். அல்லது மாதச் சம்பளம் வாங்கும் ஒரு ஆளாக வரும்: அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், நூலகர், விடுதிக் காப்பாளர், பேருந்து ஓட்டுநர், பள்ளிக் கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளர். நான்கும் வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி வேறு, கேட்க வேண்டிய இடம் வேறு. நம் மாவட்டத்தில் அவற்றுக்கு இருக்கும் எடையும் வேறு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளைக் கேட்க வேண்டும். கேட்கக் கடினமானது அதுதான், கிடைக்கத் தாமதமாவதும் அதுதான். அதனாலேயே அதை யாரும் கேட்பதில்லை.

குமரியின் ஜூன் மாதம்

சென்னையிலிருந்து பார்க்கும்போது குமரி மாவட்டம் கவலை இல்லாத மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். பெண்பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகிறார்கள். அதனால் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று சிறப்பு நிதி பிரிக்கும்போது நம் பெயர் பட்டியலின் கீழே கிடக்கும்.

இந்தச் சராசரிக்கு அடியில் மறைந்திருப்பது எது என்று பார்க்க ஜூன் மாதத்தைப் பார்த்தால் போதும். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்குக் கடல் கணக்கில் வரும் சின்னமுட்டம் ஏப்ரல் நடுவில் ஓய்கிறது. குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் ஜூனில் ஓய்கின்றன. பள்ளி திறப்பதும் ஜூனில்தான். அதே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். குலசேகரம், அருமனை, கடையால் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வடிப்பு நடக்கும் நாட்கள் சுருங்கும். கடலிலும் மலையிலும் ஒரே நேரத்தில் வரும்படி நின்றுபோகிற மாதத்தில், நோட்டு, பை, குடை, ஃபீஸ், பஸ் செலவு என்று எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். வருடச் சராசரி வருமானம் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

கீழே வரும் நான்கையும் இந்த ஜூன் மாதத்தை மனதில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பைசா

பணமாகக் கொடுப்பதை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அப்பாவிடம் கேட்காமல் ஒரு பெண் பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. முன்பு திருமண உதவியாகக் கொடுத்த பணத்தைத்தான் படிப்பு உதவியாகத் திருப்பினார்கள். என்னைக் கேட்டால் கடந்த பத்தாண்டில் எடுத்த நல்ல பட்ஜெட் முடிவுகளில் அது ஒன்று.

ஆனால் குமரியில் இந்தப் பணத்தின் வேலை கொஞ்சம் வேறு. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தும் பெண்கள் அதிகம் உள்ள மாவட்டத்தில் அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவருகிறது. இங்கே ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு அது கைச்செலவாகிறது. அதிலும் முதல் இரண்டாண்டுகள் புதுமைப்பெண் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் இரண்டு தோழிகளில் ஒருத்திக்குக் கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கு அது நீண்டது 2024 டிசம்பர் இறுதியில்தான்.

பைசா விஷயத்தில் தொகையைவிடத் தேதி முக்கியம் என்பதை மீனவர் வீடுகள் நன்றாக அறியும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் ராமநாதபுரம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள், நல்லது. அந்தப் பணம் பள்ளி திறக்கும் வாரத்தில் கணக்கில் விழுந்தால் நோட்டும் பையும் ஆகும். ஆகஸ்டில் விழுந்தால், ஜூனில் வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கப் போகும். தொகை அதே எட்டாயிரம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுவதும் அப்பாக்களைக் கொண்டுபோயிற்று. இறந்த, காணாமல்போன மீனவர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஐந்து வயதாக இருந்த ஒரு பிள்ளைக்குத் தேவைப்பட்டது அடுத்த பதின்மூன்று வருடத்துக்கும் நின்று நிதானமாக வரும் ஒரு துணை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில்தான் வந்தது. பணமாகக் கொடுப்பதென்றால் அந்த மாதாந்திர வழியே பிள்ளைகளுக்குப் பொருத்தம்.

சாப்பாடு

நான்கில் கணக்குப் பார்த்து அதிகப் பலன் தருவது எது என்று கேட்டால், யோசிக்காமல் சாப்பாடு என்பேன். 2024-25 மாநில பட்ஜெட்டில் காலை உணவுத் திட்டத்துக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டுக்குக் கணக்கிட்ட பிள்ளைகள் சுமார் 18 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குக் கொடுக்கும் 12,000 ரூபாயில் ஏறக்குறைய நான்கு பிள்ளைகள் பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலையில் சூடாகச் சாப்பிடலாம். இரண்டில் ஒன்றைப் பறித்து மற்றதற்குக் கொடு என்று நான் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்து பேசினால் நம் பேச்சுக்கு எடை கூடும்.

காலை ஆறு, ஆறரை மணிக்குப் பள்ளிச் சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் இந்தத் திட்டம் எதனால் ஓடுகிறது என்று புரியும். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு அம்மாமார். புதன்கிழமை என்றால் பொங்கல், சாம்பார். பருப்பு வேகும் நேரத்தில் ஒருவர் காய் நறுக்குகிறார், மற்றவர் தட்டுகளை இன்னொரு தடவை அலசி வெயில் படாத திண்ணையில் கவிழ்த்து வைக்கிறார். முதலில் வந்து சேரும் பிள்ளைகள் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான். அம்மா அப்பா இருவரும் விடியும் முன்பே பால்வெட்டப் போயிருப்பார்கள், வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. சமைக்கிற அம்மாவுக்குத் தன் பிள்ளையும் அதே பந்தியில் உட்காரும் என்பதால் உப்புக் குறைந்தால் அவருக்கே முதலில் தெரியும். அரசாணையில் எழுதியது அரிசி, பருப்பு, ரவையின் கிராம் கணக்கு. அதைச் சாப்பாடாக்குவது அந்த இரண்டு பேர்.

இந்தத் திட்டம் குமரிக்கு வந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில், ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-ல்.

மற்ற மாவட்டங்களுக்கு இது படிப்படியான விரிவாக்கம். நமக்கு இது இரண்டு கோடுகள். முதல் கோடு அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் நடுவே. 1809-ல் மயிலாடியில் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து இங்கே மிஷன் பள்ளிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. கடற்கரையில் பங்குக் கோயிலை ஒட்டியே பள்ளி. ஏழை வீட்டுப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் இருப்பது பல இடங்களில் உதவி பெறும் பள்ளிதான். அதன் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, மதிய உணவு தருவது அரசு, பாடப்புத்தகம் தருவது அரசு. காலை உணவு மட்டும் வரவில்லை. இரண்டாவது கோடு ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் நடுவே. 2011 கணக்கில் நம் மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பலவும் வாழைத்தோட்டமும் ரப்பரும் குளமும் நிறைந்த ஊர்கள். சாலையின் இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி. பசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அரசாணைக்குத் தெரியும்.

திட்டத்தின் தொகையைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். அதன் எல்லையைப் பற்றிப் பேசுவது நம் வேலை. புதுத் திட்டம் எது வந்தாலும் முதல் நாளே 'உதவி பெறும் பள்ளிக்கு உண்டா, பேரூராட்சிக்கு உண்டா' என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும். நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள் காத்திருந்த மூன்றாண்டு என்பது ஒரு பிள்ளையின் தொடக்கப் பள்ளி வாழ்க்கையில் பாதிக்கு மேல்.

இன்று அந்தக் கோடுகள் அழிந்துவிட்டன. ஐந்தாம் வகுப்பு வரை காலையும் மதியமும் சாப்பாடு உண்டு. இனிக் கேட்க வேண்டியது ஆறு முதல் எட்டு வரைக்கும் காலை உணவு. அதற்கு மாநிலம் முழுவதும் குரல் இருக்கிறது, நாமும் சேர்ந்துகொள்ளலாம். நம் ஒற்றைக் கோரிக்கையை அதில் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கட்டிடமும் பொருளும்

கட்டிடம் எளிதாகக் கிடைக்கும். ஏன் என்று பலர் யோசிப்பதில்லை, ஆனால் இந்த ஒப்பீடு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டும் நிலைத்த சொத்து உருவாக்குவதற்கான பணம், மாதச் சம்பளம் கொடுக்க விதியில் இடமில்லை. 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் ஒரு பகுதி குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. அப்படி வரையறுக்காத பகுதியையும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது என்று விதி. ஆகவே நமக்குக் கிட்டத்தில் இருக்கிற, நாம் நேரில் பார்த்துப் பேசக்கூடிய மூன்று பேருமே, அதாவது உள்ளாட்சியும் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும், சுவரும் கூரையும் இருக்கையும்தான் வாங்கித் தர முடியும். அவர்கள் மனது வைக்காமல் இல்லை, அந்தப் பணத்தால் ஆளை அமர்த்த முடியாது. அதனால்தான் வகுப்பறை கேட்டால் ஒரு வருடத்தில் வருகிறது, திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. நூலகர் கேட்டால் 'அரசின் பரிசீலனைக்கு அனுப்பப்படும்' என்று ஒரு வரி வருகிறது.

விளைவை எங்கள் ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் பார்க்கலாம். நல்ல ஓடு பதித்த கழிப்பறை, பெண்பிள்ளைகளுக்குத் தனியாக நான்கு அறை, தண்ணீர்த் தொட்டி. கதவில் பூட்டு. கழுவுகிற அம்மாவுக்குக் கொடுக்கும் தொகை மிகச் சொற்பம், அதுவும் பல மாதம் பிந்தி வருகிறது, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கழுவ ஆள் இல்லாத கழிப்பறையைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் யாரும் உள்ளே போக முடியாது, அதனால் தலைமையாசிரியர் பூட்டி வைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டிய கட்டிடம், மாதம் சில ஆயிரம் இல்லாததால் இல்லாத கணக்காகிவிட்டது.

பொருள்களும் அப்படித்தான். 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று 33 வகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு கொடுத்தார்கள். பந்தும் மட்டையும் நல்ல தரம். எந்த ஊரில் மாலையில் அதை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்க ஒருவர் இருந்தாரோ அங்கே அது பயன்பட்டது. ஐ.டி.ஐ.களுக்கும் இதே கேள்விதான். 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க 2,877 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள்; ரோபோ கையை இயக்கிக் காட்டத் தெரிந்த பயிற்றுநர் தொடர்ந்து அங்கே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அந்தக் கோடிகள் வேலைவாய்ப்பாகும். லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்தால் நல்லது.

கட்டிடத்தை முதலில் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் பக்கத்துத் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உங்கள் பள்ளியில் விரிசல் விட்ட சுவர் இருந்தால், அங்கன்வாடியின் ஓடு ஒழுகி மின்கம்பியில் சொட்டினால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அதற்கு மனு எழுதுங்கள். உயிர் விஷயத்தில் ஒப்பீடு கிடையாது. ஆனால் உதவி பெறும் பள்ளிக்கு அரசு கட்டிட மானியம் எளிதில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே கட்டிடம் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பு.

ஆள்

அரசு செலவிடும் கல்விப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆளுக்குத்தான் போகிறது. 2024-25-ல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய 44,042 கோடியில் சம்பளமே பெரும் பங்கு. அப்புறம் என்ன என்று நிதித்துறையில் கேட்பார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் சேர்ந்தே மாநில வருவாயில் பாதிக்கு மேல் விழுங்குகின்றன. ஒரு பணியிடத்தை அனுமதித்தால் முப்பது வருடச் செலவு. இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பணியிடத்தை நிரந்தரமாகத் தராமல் தொகுப்பூதியம், பகுதிநேரம், மதிப்பூதியம் என்று பல பெயரில் தருகிறார்கள்.

அந்தப் பெயர்களின் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி சொல்லித்தர 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2024-ல் அது 12,500 ஆனது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மே மாதச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குமுறலாக இருந்தது. மீதி நேரத்தில் அவர் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும். தூத்தூர் கரையில் கால்பந்து பிள்ளைகளின் உயிர்மூச்சு. மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் அவர்களோடு நிற்க வேண்டிய உடற்கல்வி ஆசிரியர் அந்நேரம் எங்கோ கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் யாரைக் குறை சொல்வது?

மத்திய அரசு தர வேண்டியது நின்றுபோனால் முதலில் அடிபடுவதும் இந்த ஆட்கள்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-க்கான 2,152 கோடி வரவில்லை. மாநில அரசு தன் நிதியிலிருந்து சமாளிப்பதாகச் சொன்னது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: கொள்கைத் தகராறுக்காகப் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது தவறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில்தான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும், வட்டார வள மையத்துக்கு வரும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்குக் காலை நீவி, மடக்கி, நிமிர்த்தி விடுகிறவர் வாரம் ஒருமுறை வருவதும் மாதம் ஒருமுறை வருவதும் ஒன்றல்ல. இடைவெளி விழுந்தால் தசை இறுகிவிடும். அடுத்த பட்ஜெட்டில் சேர்த்துக் கொடுத்தாலும் போன மாதங்கள் அந்தக் காலுக்குத் திரும்பாது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படியான 25 விழுக்காடு சேர்க்கை 2025-26-ல் வழக்கமான காலத்தில் தொடங்காமல் அக்டோபருக்குத் தள்ளிப்போனதற்கும் இந்த நிதித் தகராறே காரணம்.

மலையோரத்துக்கு வாருங்கள். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடித்தது. அதன் மறுகரையில் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகள். பிள்ளைகள் படகில் இக்கரை வந்து பிறகு பஸ் பிடிக்க வேண்டிய இடங்கள் இன்றும் உண்டு. மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை, மாணவருக்கு இலவச பாஸ், எல்லாம் சரி. பஸ் வராத ஊரில் அந்த இலவசத்தின் மதிப்பு பூஜ்யம். "பாஸ் இருக்கு, பஸ்ஸு இல்லல்லா" என்று அங்கே ஒரு அம்மா சொன்னதை எந்த அதிகாரியாலும் மறுக்க முடியவில்லை. பஸ் வராததற்கு வண்டி இல்லாமை ஒரு காரணம் என்றால், ஓட்டுநர், நடத்துநர் போதாமை இன்னொரு காரணம். அங்கே பிள்ளைகளின் படிப்பு, காலை ஏழு மணி டிரிப்பை எடுக்கும் ஓட்டுநரைப் பொறுத்திருக்கிறது. உயர்நிலை வகுப்புக்கு மேல் விடுதிதான் வழி. அங்கே இரவில் தங்கும் காப்பாளர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விடுதியில், இருக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் தாய்மார் அனுப்புகிறார்கள்.

சரி, இத்தனை ஆட்களில் யாரைக் கேட்பது? இரண்டு வழி எனக்குத் தெரிகிறது, இரண்டுக்கும் புதிதாகப் பெரும் பணம் வேண்டாம்.

முதலாவது, நூலகர். நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்ந்திருக்கிறது, 1948-ம் ஆண்டுச் சட்டப்படி. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் பயன்படக்கூடிய, ஆண்டுதோறும் வரும், உள்ளூரிலேயே பிறக்கும் பணம் இது. உங்கள் ஊராட்சியோ பேரூராட்சியோ கடந்த ஆண்டு எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று கேளுங்கள். அதைத் தொடர்ந்து, ஊர்ப்புற நூலகம் பள்ளி விட்ட பிறகும் ஞாயிறன்றும் திறந்திருக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் நாகர்கோவில் கோணத்தில் உள்ள வேலைவாய்ப்பு மையத்தின் பயிலும் வட்டத்துக்குத் தினமும் வர முடியாது. நித்திரவிளையிலிருந்து வந்து போவதிலேயே பாதி நாள் போய்விடும்.

இரண்டாவது, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலிலிருந்து வருவது. பிறப்பு குறைந்துவிட்டது, ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் இழுக்கின்றன, தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை சரிகிறது. முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்ற விகிதப்படி உபரி ஆசிரியர் என்று கணக்கிட்டுப் பணிநிரவலில் வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள், அல்லது ஓய்வு பெறும்போது பணியிடத்தையே ஒப்படைக்கச் சொல்கிறார்கள். இப்படி இழக்கும் ஒவ்வொரு பணியிடமும் திரும்ப வராது. அந்தப் பணியிடத்தை ஒழிக்காமல், அதே ஒன்றியத்தில் சிறப்புப் பயிற்றுநராகவோ, கடற்கரையிலும் மலையிலும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கோ மாற்றித் தரச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தோம். இதற்குக் கூடுதல் செலவு என்று நிதித்துறை சொல்ல முடியாது, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் சம்பளம்தான்.

உபரி ஆசிரியர் எல்லாரும் இதற்கு ஒத்துவர மாட்டார்கள், சிறப்புக் கல்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எதிர்வாதம் வரும். உண்மைதான். பயிற்சிக்கு ஒரு வருடம் ஆகட்டும். பணியிடத்தை இழந்துவிட்டு மறுபடி கேட்டால் பத்து வருடம் ஆகும்.

எங்கே, எப்போது

பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் படிக்கும்போது மனு கொடுப்பது காலம் தப்பிய வேலை. துறைகள் அடுத்த ஆண்டுக் கணக்கை ஐப்பசி, கார்த்திகையிலேயே போடத் தொடங்கிவிடும். ஆகவே அக்டோபர் 2 கிராம சபையும் நவம்பர் 1 கிராம சபையும்தான் நமக்கு முக்கியம். நவம்பர் 1 குமரி தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட, அன்று கூட்டம் சேரும்.

நம் மாவட்டத்தின் 95 ஊராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு குறையாது. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று உண்டு, உங்கள் வார்டு உறுப்பினரிடம் தேதி கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் அதே கோரிக்கை அதே வார்த்தைகளில் ஏற வேண்டும். இரண்டு தாளும் சேர்ந்து போனால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அதை ஒதுக்குவது கடினம்.

எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது வேறு. அவருடைய 3 கோடியிலிருந்து ஆள் வராது. சட்டமன்றத்தில் துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் எழுந்து பேச முடியும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், அது பதிவாகும். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை வரும் நாளுக்கு முன்னால் அவர் கையில் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும். அதில் பள்ளியின் பெயர், ஒழியப்போகும் பணியிடம், அதை எதற்கு மாற்ற வேண்டும், எத்தனை பிள்ளைகளுக்குப் பயன், அவ்வளவு போதும். மாவட்டத்தின் ஆறு தொகுதிக்கும் அதே தாள் போகலாம், ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.